பெருந்திரையும் ஒளியளவும்

வீட்டிலேயே பெருந்திரையிற் படங்காண விழைவோர் நாஞ்சில் நாட்டிலும் இன்று பலர். அவர் முதற்கண் உணரற்பாலது, திரை பெருகப் பெருக ஒளி குன்றும் என்பதே.

10 அடி அகலமும் 5.6 அடி உயரமும் உடைய திரையின் பரப்பு 56 சதுர அடி. திரையரங்குகளின் அளவுப்படி சதுர அடிக்கு 16 லூமென் கொள்ளின், இருண்ட அறையிற் சாதாரண வெண்டிரைக்குச் சுமார் 900 லூமென் போதும். அகலம் இருமடங்காயின் பரப்பு நான்மடங்காகும். வேண்டும் ஒளியோ 3,600 லூமென். விளக்கு நாளடைவில் மங்குமாதலின் சற்று மிகுதியாகவே கொள்க.

1905ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி, ஊரூராய்க் கூடாரமடித்துப் படங்காட்டினார். கூடாரக் காட்சிகள் பொழுது சாய்ந்தபின் தொடங்குதலே வழக்கம். புறவொளி படுமாயின் திரையிற் கருமை சாம்பல்நிறமாகும். எத்துணை விலையுயர்ந்த லென்ஸும் அதனைத் திருத்தவல்லதன்று.

ஆதலின், முதலில் அறையை இருளாக்குக. பின்னர்த் தூரத்தை அளந்தறிக. திரையகலத்தினும் ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும் கருவியாயின், 10 அடித் திரைக்கு அது 15 அடி தள்ளி நிற்றல் வேண்டும். அறை இடந்தராவிடின் குறுந்தூரக் கருவியை நாடுக. அன்றேல் திரையைச் சுருக்குக. பெரிய மங்கற்படத்தினும் சிறிய தெளிந்த படமே கண்ணுக்கும் பணத்துக்கும் நன்று.