மலைக்குப் பாதி நாற்காலி

சென்ற வாரம் பார்த்த, நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் தங்கள் நிலத்துக்காக நடத்திய பாஸ்டியன் பாயின்ட் போராட்டம், 506 நாள்களுக்குப் பின், 1978 மே 25 அன்று 222 பேர் கைதானதோடு கலைக்கப்பட்டது. அதே ஆக்லாந்தில், வீடுகளுக்கு நடுவே எழுந்து நிற்கும் எரிமலைக் குன்றுகளுக்கு இன்று வேறொரு ஏற்பாடு இருக்கிறது.

நகரைச் சுற்றி ஏறத்தாழ ஐம்பது எரிமலைகள். அவற்றின் சரிவுகளில் மாவோரி மக்கள் படிப்படியாக மண்ணைச் செதுக்கி வீடு கட்டினார்கள், சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேமிக்கக் குழி வெட்டினார்கள். பின்னால் வந்த வெள்ளையருக்கு அவை சாலைக்குக் கல் தரும் குவாரிகள். ரரொட்டோங்கா என்ற மலையை வெட்டித் தீர்த்த இடத்தில்தான் மவுன்ட் ஸ்மார்ட் விளையாட்டரங்கம் நிற்கிறது. மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காக அறுபட்ட குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2014-இல் நியூசிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, 14 மலைகளின் உரிமையை 13 மாவோரிக் குழுக்களின் கூட்டமைப்பிடம் ஒப்படைத்தது. அவர்களுக்கும் ஆக்லாந்தின் மற்ற மக்களுக்கும் பொதுப் பயனாக மலைகள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெரும்பாலானவற்றை நிர்வகிக்கும் ஆணையத்தில் மாவோரிப் பிரதிநிதிகள் ஆறு பேர், மாநகராட்சித் தரப்பில் ஆறு பேர். அரசு அனுப்பும் ஒருவருக்கு வாக்கு கிடையாது.

மாவோரிச் சித்திரத்தூண் ஒன்றை நுழைவாயிலில் நட்டுவிட்டு, பண்பாட்டைச் சேர்த்துவிட்டோம் என்று சொல்வது எந்த மாநகராட்சிக்கும் எளிது. மௌங்காஃபாவ் மலையில் (மவுன்ட் ஈடன் என்றால் பலருக்கும் தெரியும்) நடந்தது அது அல்ல. உச்சிவரை போய்க்கொண்டிருந்த கார்களை நிறுத்தினார்கள். பழைய குடியிருப்புத் தடங்களும் கிழங்குக் குழிகளும் மிதிபடாமலிருக்க, தரையிலிருந்து உயர்த்திய மரநடைபாதை போட்டார்கள். சுமார் 50 மீட்டர் ஆழமுள்ள எரிமலை வாய் மாவோரி மக்களுக்குப் புனிதமானது. அதற்குள் யாரும் இறங்கக் கூடாது. மலையின் மேல் எவ்வளவு கொள்ளும், எது கூடாது என்பதை அதை முன்னோராகக் கருதுபவர்களும் உட்கார்ந்து தீர்மானித்தால் வடிவமைப்பே மாறிவிடுகிறது.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. 2019-இல் ஓவைராகா மலையில் 345 வெளிநாட்டு மரங்களை வெட்டி, மண்ணுக்குரிய மரங்களை நட ஆணையம் முடிவெடுத்தபோது, அக்கம்பக்கத்தார் மலையடியில் முகாமிட்டு மறித்தார்கள். 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பொதுமக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்கவில்லை என்று அந்த முடிவைச் சட்டவிரோதம் என்றது. ஆணையத்துக்கு இது சறுக்கல்தான். ஆனாலும் அதற்காகப் பாதி நாற்காலியைப் பிடுங்க வேண்டும் என்று வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தவறான அனுமதி தரும் எந்த மாநகராட்சியையும் யாரும் கலைத்துவிடுவதில்லை.

நம் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியில் 2025 ஜனவரியில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ரத்துசெய்ய வைத்தது மக்களின் எதிர்ப்பு. அங்கே அடுத்த கேள்வி, மலையை இனி யார் யார் சேர்ந்து நிர்வகிப்பது என்பதாகத்தான் இருக்க வேண்டும். அதை நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

அடுத்த வாரம்: ஆக்லாந்தின் குயின் தெருவுக்கு அடியில் புதைந்துபோன ஓர் ஓடையும், அதன் பெயரைத் தாங்கிய ரயில் நிலையமும்.