இருட்டறையில் ஒளிரும் பச்சை

மாதக்கணக்கில் மூட்டுவலி, வெயிலில் போனால் முகத்தில் சிவப்புத் தடிப்பு, தீராத அசதி. இப்படி வருபவருக்கு மருத்துவர் எழுதித் தரும் சோதனைகளில் ஒன்று ஏ.என்.ஏ. நோய்க் கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்பொருட்கள் நம் செல்லின் உட்கருவையே குறிவைக்கின்றனவா என்று அது காட்டிக்கொடுக்கும்.

ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்கள் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடில் நோயாளியின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) நீர்க்கச் செய்து ஊற்றுவார்கள். எதிர்பொருள் இருந்தால் உட்கருவில் ஒட்டிக்கொள்ளும். கழுவிவிட்டு, ஒளிரும் சாயம் ஏற்றிய இரண்டாவது எதிர்பொருளை விட்டால், அது முதலாவதைப் பிடித்துக்கொண்டு மைக்ரோஸ்கோப்பில் பச்சையாக மின்னும். அந்தச் செல்களின் பெயர் ஹெப்-2. குரல்வளைப் புற்றுநோயிலிருந்து வந்தவை என்றுதான் முதலில் நம்பினார்கள். 1951இல் பால்டிமோரில் ஹென்றியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணிடம் அவருக்குத் தெரியாமல் எடுத்த ஹீலா செல்களே அவை என்பது மரபணுச் சோதனையில் பிறகு தெரியவந்தது. எத்தனையோ நோயாளிகளின் ரிப்போர்ட்டுக்குப் பின்னால் அந்தப் பெண் இருக்கிறார்.

மின்னுகிறதா என்பதோடு, எப்படி மின்னுகிறது என்பதும் முக்கியம். உட்கரு முழுவதும் சீராக ஒளிர்ந்தால் லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் சந்தேகம். தனித்தனிப் புள்ளிகளாகத் தெறித்தால் தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மாவின் ஒரு வகை. இத்தகைய வடிவங்களுக்கு ஏ.சி.-1 என்று தொடங்கி சர்வதேச நிபுணர் குழு எண் கொடுத்திருக்கிறது.

சிக்கல் கண்ணில்தான். இருட்டறையில் மணிக்கணக்கில் பார்த்தால் கண் சோர்ந்துபோகும். ஒரே ஸ்லைடை இருவர் இருவிதமாகப் படிப்பதும் உண்டு.

அதனால்தான் நோவா வியூ, யூரோபேட்டர்ன் போன்ற கருவிகள் வந்தன. கருவியே ஸ்லைடை நகர்த்திப் படம் எடுக்கும். நோவா வியூவில் நீலச் சாயம் உட்கரு இருக்கும் இடத்தைக் காட்ட, அங்கே பச்சை எவ்வளவு என்று கம்ப்யூட்டர் அளக்கும். பாசிட்டிவா நெகட்டிவா என்று பிரிப்பதில் அது கெட்டி. வடிவத்தை இனம்காண்பதுதான் கடினம். 2012இல் ஜப்பானின் சுகுபாவில் நடந்த ஒரு மாநாட்டையொட்டி இதற்கென்றே ஒரு போட்டி வைத்தார்கள். தனித்தனி செல்லை வகைப்படுத்துவதில், வந்த நிரல்களில் சிறந்ததைவிட மனித நிபுணரே முன்னால் நின்றார். கருவிகள் அதற்குப் பிறகு தேர்ந்திருக்கின்றன. ஆனாலும் படங்களை நிபுணர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே ரிப்போர்ட் வெளியே போக வேண்டும்.

எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், பாசிட்டிவ் என்றாலே நோய் என்று ஆகிவிடாது. 1997இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், 1:40 நீர்ப்பில் ஆரோக்கியமானவர்களிலேயே சுமார் 32 சதவீதம் பேருக்குப் பாசிட்டிவ் வந்தது. 1:160இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது.

எனவே ‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்துக் கலங்காதீர்கள். டைட்டர் (எவ்வளவு நீர்க்கச் செய்தும் பாசிட்டிவ் வருகிறது என்ற அளவு) எவ்வளவு, வடிவம் எது என்று லேபில் கேட்டு எழுதி வாங்கி, உங்கள் தொந்தரவுகளோடு சேர்த்து மூட்டுவாத நிபுணரிடம் காட்டுங்கள்.