ஃபார்மட் அடிப்பதற்கு முன்

மணிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகும் டிப்ளமோ பிள்ளைகள் சிலரிடம் பள்ளியில் வாங்கிய அரசு மடிக்கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2011இல் தொடங்கிய திட்டம். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்து அதில் ஆட்டோகேட் போட உட்கார்ந்தால், பாதியில் ஒரு எரர் பெட்டி எழும்பி நிற்கும். கடையில் காட்டினால் ‘ஃபார்மட் அடிச்சிடலாம் தம்பி’ என்பார்கள். பெரும்பாலும் அது தேவையில்லை.

முதலில் 32 பிட்டா, 64 பிட்டா என்று பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட், அங்கே ‘சிஸ்டம் டைப்’. ஆட்டோகேட் 2020 முதல் 64 பிட் விண்டோஸில் மட்டும்தான் ஏறும். பிராசசர் 64 ஆக இருந்தும் விண்டோஸ் 32 ஆக இருந்தால், இந்த ஒரு விஷயத்தில் கடைக்காரர் சொல்வதுதான் சரி: 32இலிருந்து 64க்கு அப்கிரேட் வழி கிடையாது, புதிதாகத்தான் போட வேண்டும்.

இன்ஸ்டால் முடிந்து, திறக்கும்போது ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பு இல்லை என்று வந்தால் அந்தக் கோப்பை மட்டும் எங்கிருந்தோ இறக்கிப் போடாதீர்கள். வைரஸ் உள்ளே வர அது ஒரு நேர்வழி. பெயரில் ‘விசிரன்டைம்140’ என்று இருந்தால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் போட்டால் சரியாகிவிடும். 64 பிட் கணினியிலும் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போடுங்கள். 32 பிட் புரோகிராம்கள் முதலாவதைத்தான் தேடும்.

எண்ணோடு வரும் எரர்களில் 1618 சாது. வேறொரு இன்ஸ்டால் பின்னால் ஓடுகிறது என்று பொருள். காத்திருங்கள், இல்லையென்றால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். 1603தான் தொல்லை. ‘ஏதோ பெரிய கோளாறு’ என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாமல் இருக்கலாம், அதே மென்பொருள் ஏற்கெனவே இருக்கலாம், துணைப் புரோகிராம் ஒன்று விழுந்திருக்கலாம். காரணம் பெட்டியில் இருக்காது, லாக் கோப்பில் இருக்கும். பல இன்ஸ்டாலர்கள் அதை டெம்ப் ஃபோல்டரில் எழுதிவைக்கும். பெயர் எம்எஸ்ஐ என்று தொடங்கும். நோட்பேடில் திறந்து ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்பதை ஆங்கிலத்தில் தேடுங்கள். அதற்குச் சற்று மேலே உள்ள வரிகளில்தான் உண்மையில் எது விழுந்தது என்பது இருக்கும். இதைப் பார்க்காமல் பத்துத் தடவை செட்டப்பை ஓட்டினாலும் அதே இடத்தில்தான் நிற்கும்.

கிராக் பதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டுப் போடு’ என்று எந்த செட்டப் சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள். பாலிடெக்னிக்கில் படிப்பவர்களுக்கு, தகுதியைச் சரிபார்த்தபின், ஆட்டோகேடைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் அதன் ஓராண்டு உரிமத்தை இலவசமாகத் தருகிறது, ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். படிப்பு முடித்தவர்களுக்கு ஃப்ரீகேட் இருக்கிறது, எப்போதும் இலவசம்.

அப்படியும் கடைக்குப் போக நேர்ந்தால், படங்களையும் சான்றிதழ் ஸ்கேன்களையும் பென்டிரைவில் நகலெடுத்துவிட்டு, அந்த லாக் கோப்பையும் காட்டிப் பேசுங்கள்.