முறுக்கு வாங்க வந்தவரா, சுடக் கற்க வந்தவரா?

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போதே கைப்பேசியில் ‘முறுக்கு’ என்று தேடிப் பாருங்கள். பட்டியலின் உச்சியில், விளம்பரம் என்ற சிறு அடையாளத்தோடு சில கடைகள் நிற்கும். அதில் ஒன்றை விரலால் தொட்ட அடுத்த நொடியே யாரோ ஒருவருடைய கணக்கிலிருந்து பணம் போய்விடுகிறது. நீங்கள் வாங்கினாலும் சரி, பார்த்துவிட்டு மூடினாலும் சரி.

அந்த ‘யாரோ ஒருவர்’ பெரிய நிறுவனமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டு அடுப்படியில் பலகாரம் சுட்டு விற்கும் குடும்பங்களும், ரவிக்கை தைப்பவர்களும், மணப்பெண் அலங்காரம் செய்பவர்களும் இப்போது கூகுளில் விளம்பரம் போடுகிறார்கள். ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டு, “காசு போனதுதான் மிச்சம்” என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. பல வேளைகளில் கோளாறு விளம்பரத்தில் இல்லை. எந்தச் சொல்லுக்கு அந்த விளம்பரம் எழுந்து நின்றது என்பதில் இருக்கிறது.

வானொலியில் வேலை செய்கிற எனக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரிகிறது. எங்கள் விளம்பரம் எல்லார் காதிலும் விழும். பலகாரம் வேண்டியவரும் கேட்பார், சர்க்கரை நோயாளியும் கேட்பார். தேடுபொறி அப்படியல்ல. அங்கே முதலில் வாய் திறப்பவர் வாடிக்கையாளர். அவர் கேட்ட கேள்விக்கு நாம் பதிலாக நின்றால் மட்டுமே காசு கொடுத்ததில் அர்த்தம் உண்டு. கூகுள் இந்த விளம்பரச் சேவையை 2000 அக்டோபரில் தொடங்கியது. சொடுக்கு ஒன்றுக்கு ஏலத்தில் விலை என்ற முறைக்கு வந்தது 2002இல். அடிப்படை இன்றும் அதேதான்.

கிள்ளானில் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு சொடுக்குக்கு 1 வெள்ளி 50 சென் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பேர் தொட்டால் 150 வெள்ளி. அதில் 60 பேர் முறுக்கு சுடும் முறையைத் தேடி வந்தவர்கள், அல்லது கடையில் பொட்டலமாக விற்கும் ‘முருக்கு ஈக்கான்’ தேடி வந்தவர்கள். மீதி 40 பேரில் 4 பேர் ஆர்டர் கொடுக்கிறார்கள். அப்படியானால் ஓர் ஆர்டரைப் பிடிக்க ஆன செலவு 37 வெள்ளி 50 சென். ஓர் ஆர்டரில் கையில் நிற்கும் லாபம் 25 வெள்ளி என்றால், ஆர்டருக்கு 12 வெள்ளி 50 சென் கைநட்டம். ராத்திரி பன்னிரண்டு மணி வரை எண்ணெய்ச் சட்டிக்கு முன் நின்றதற்குக் கூலி அதுதான்.

அந்த 60 பேரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டால்? 40 சொடுக்குக்கு 60 வெள்ளி, அதே 4 ஆர்டர். ஆர்டருக்கு 15 வெள்ளி, கையில் 10 வெள்ளி நிற்கும். சொடுக்கின் விலை ஒரு சென்கூடக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

திருப்பி அனுப்புவது எப்படி? ஒரு தேடுசொல்லை வெறுமனே எழுதிக் கொடுத்தால் கூகுள் அதை அகலமாகப் பொருள் கொள்ளும். தொடர்புடையது என்று அது நினைக்கும் தேடலுக்கெல்லாம் உங்கள் விளம்பரத்தைக் காட்டும். அதே சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டால், அந்தப் பொருள் அடங்கிய தேடல்களுக்கு மட்டும். சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால், அதே பொருளுள்ள தேடலுக்கு மட்டும். வீட்டுத் தொழில் செய்பவர்கள் மேற்கோள் குறியிலும் சதுர அடைப்பிலும் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. அகலமான வலையை வீசிப் பார்க்க, வீணானாலும் பரவாயில்லை என்று சொல்லும் அளவுக்குப் பணம் வேண்டும்.

இன்னொன்று விலக்குச் சொற்கள். “இந்தச் சொல் தேடலில் இருந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே” என்று நாமே கொடுக்கும் பட்டியல் இது. நம் நாட்டில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் தேடுவது ஒரே மொழியில் இல்லை. ஆங்கிலத்தில் ‘ரெசிப்பி’யைத் தடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தால், மலாயில் ‘ரெசெபி’ என்றும் ‘ச்சாரா புவாட்’ என்றும் தட்டுபவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தமிழில் ‘செய்முறை’ என்று தேடுபவர்கள் வேறு. சாதாரணத் தேடுசொல்லுக்கு ஒரே பொருளுள்ள வேறு சொற்களையும் கூகுள் சேர்த்துக்கொள்ளும். விலக்குச் சொல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது. மூன்று மொழியிலும் நாம்தான் ஒவ்வொன்றாக எழுத வேண்டும். வேலை தேடுபவர்களின் ‘ஜாவாத்தான் கோசோங்’, இலவசம் தேடுபவர்களின் ‘பெர்ச்சுமா’ ஆகியவையும் பட்டியலில் இருக்கட்டும்.

மலிவு என்று பொருள்படும் ‘முரா’வையும் தடுக்கச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்மவர்கள் கல்யாண மண்டபத்துக்கே ‘முரா’ சேர்த்துத்தான் தேடுவார்கள். விலை கேட்பவரெல்லாம் வாங்காதவர் அல்ல.

விலக்க வேண்டியவை எவை என்பதை ஊகிக்கவும் தேவையில்லை. விளம்பரக் கணக்கிலேயே தேடல் சொற்கள் அறிக்கை இருக்கிறது. மக்கள் உண்மையில் என்ன தட்டிவிட்டு உங்களிடம் வந்தார்கள் என்பதை அது காட்டும். எல்லாத் தேடலும் அதில் வராது என்றாலும், வருவதே போதும். முதல் இரண்டு வாரம் நாள்தோறும் பத்து நிமிடம் அதைப் பாருங்கள். முகவர் ஒருவரிடம் பணம் கொடுத்து விளம்பரம் செய்கிறீர்களா? “இந்த மாதம் இத்தனை சொடுக்கு” என்ற வண்ண வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு, இந்த அறிக்கையைக் கேளுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் முகவரை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

இனி சொடுக்கின் விலையே குறைவது பற்றி. ஏலத்தில் அதிகம் கேட்டவருக்குத்தான் முதலிடம் என்பதில்லை. விளம்பரத்தின் தரத்தையும் கூகுள் கணக்கில் எடுக்கிறது. ஒவ்வொரு தேடுசொல்லுக்கும் 1 முதல் 10 வரை தர மதிப்பெண்ணும் காட்டுகிறது. பார்த்தவர்கள் தொடுவார்களா, விளம்பர வாசகம் தேடலுக்குப் பொருந்துகிறதா, தொட்டபின் வந்து சேரும் பக்கம் பயன்படுகிறதா என்ற மூன்றையும் பொறுத்தது அந்த மதிப்பெண். தரம் நன்றாக இருப்பவர் குறைந்த விலையிலேயே மேலே நிற்க முடியும். ‘தீபாவளி முறுக்கு ஆர்டர் கிள்ளான்’ என்று தேடியவரை, போன ஆண்டுப் பொங்கல் படம் முதலில் தெரியும் முகநூல் பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டால் அவர் என்ன செய்வார்? ஒரே ஒரு பக்கம் போதும். முறுக்கின் படம், டின் ஒன்றின் விலை, எந்த ஊர் வரை கொண்டுவந்து கொடுப்பீர்கள், ஆர்டருக்குக் கடைசி நாள், புலனத்தில் தொடர்புகொள்ள ஒரு பொத்தான். முறுக்குக்கு ஒரு விளம்பரம், ரவிக்கைத் தையலுக்கு வேறு விளம்பரம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டாம்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. கிள்ளான் என்று நீங்கள் குறித்தாலும், கிள்ளானில் இருப்பவர்களோடு கிள்ளான்மீது ஆர்வம் காட்டியவர்களையும் சேர்ப்பதுதான் இயல்பான அமைப்பு. சென்னையில் உட்கார்ந்து மலேசியப் பயணத்துக்குத் திட்டமிடுபவரும் அதில் வந்துவிடலாம். அந்த ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள்.

பணக் கணக்கையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. நாளுக்கு 20 வெள்ளி என்று வரம்பு வைத்தாலும் ஒரே நாளில் 40 வரை போகலாம். ஆனால் மாதக் கணக்கில் 30.4 மடங்கைத் தாண்டாது. அதாவது 608 வெள்ளி. அதோடு முடியவில்லை. வெளிநாட்டு நிறுவனங்களின் மின்னியல் சேவைகளுக்கு இங்கே 2020 ஜனவரி முதல் சேவை வரி உண்டு. 6 விழுக்காடாக இருந்தது 2024 மார்ச்சில் 8 ஆனது. ஆக 656 வெள்ளி 64 சென். இதில் எவ்வளவு திரும்பி வந்தது என்று பார்க்கப் பெரிய மென்பொருள் வேண்டாம். புலனத்தில் ஆர்டர் கொடுப்பவரிடம் “எங்களை எங்கே பார்த்தீங்க?” என்று கேட்டு, பிள்ளையின் பழைய பள்ளி நோட்டில் குறித்து வைத்தாலே போதும்.

கணக்கைத் திறந்த அன்றே விளம்பரத்துக்கு முடிவுத் தேதியையும் போட்டுவிடுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் அடுப்பை அணைத்துவிடுவோம். தேதி போடாத விளம்பரம் அதற்குப் பிறகும் முறுக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும், கடன் அட்டையிலிருந்து பணமும் போய்க்கொண்டே இருக்கும்.