நித்திரையில் நடக்கும் பிள்ளைகள்

வீட்டிலுள்ளோர் யாவரும் படுத்து ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். பத்து வயதுச் சிறுவன் பாயிலிருந்து எழுகிறான். கண்கள் திறந்தபடியே இருக்கின்றன. விறாந்தையைக் கடந்து, கதவின் திறாங்கை நீக்கி, முற்றத்தில் இறங்கி நடக்கிறான். தாய் கூப்பிட்டால், பொருளற்ற இரண்டொரு சொற்களை முணுமுணுக்கிறான். காலையிற் கேட்டாலோ, “நான் எழும்பவேயில்லையே, அம்மா” என்று சாதிக்கிறான். பிள்ளையைக் காத்துக் கறுப்புத் தீண்டிவிட்டது என்பது ஆச்சியின் தீர்ப்பு. பையன் பாசாங்கு செய்கிறான் என்று தகப்பனார் பிரம்பைத் தேடுகிறார்.

இரண்டுமே தவறு. அவனைப் பேய் பிடிக்கவுமில்லை. அவன் பொய் சொல்லவுமில்லை. உண்மையிலேயே அவன் நித்திரையில் இருந்தான்.

மிக ஆழ்ந்த நித்திரை பெரும்பாலும் இரவின் முற்பகுதியிலேயே அமைகிறது. அந்நிலையிலிருந்து மீளும்போது, சிலருக்கு மூளையின் ஒரு பகுதி விழித்துக்கொள்ள, மற்றப் பகுதி உறங்கியவாறே இருந்துவிடுகிறது. நடக்கவும், பழகிய கதவைத் திறக்கவும் முடிகிறது. ஆனால் ஆராய்ந்து பார்க்கவோ, நடந்ததை நினைவிற் பதிக்கவோ முடிவதில்லை. கனவு கண்டே இவர்கள் நடக்கிறார்கள் என்றுதான் நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1965ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், இத்தகையோரின் மூளை மின்னலைகளை இரவு முழுவதும் பதிவு செய்து, நடை தொடங்குவது கனவு மிகுந்த நித்திரையிலன்று, ஆழ்ந்த நித்திரையிலேயே எனக் காட்டினர்.

ஆங்கில இலக்கியம் கற்கும் மாணவர்கள், ‘மக்பெத்’ நாடகத்தில் அரசி விளக்கேந்தி நித்திரையில் நடந்துவரும் காட்சியை அறிவர். ஷேக்ஸ்பியர் அதனை நுட்பமாகவே தீட்டியிருக்கிறார். ஆயினும் அவள் நடை கொலைப் பழியின் விளைவு. அதனை மனத்திற்கொண்டு, நடக்கும் பிள்ளையின் உள்ளத்தில் ஏதோ இரகசியம் உண்டென்று துருவத் தொடங்குதல் வீண் வேலை. பரம்பரையே இதில் பெரும் பங்கு வகிக்கிறது. 2015இல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்றின்படி, பெற்றோர் இருவருக்கும் இவ்வியல்பு இல்லாத பிள்ளைகளுள் 100க்கு ஏறக்குறைய 22 பேர் நித்திரையில் நடந்தனர். ஒருவருக்கு இருந்தால் 47 பேர். இருவருக்கும் இருந்தால் 61 பேர். பிரம்பைத் தேடும் தகப்பனார், தமது சிறு பிராயத்துக் கதையை முதலில் ஆச்சியிடம் கேட்டறிவது நலம்!

நித்திரைக் குறைவு, காய்ச்சல், பரீட்சைக் கவலை, புதிய இடம் ஆகியவை இவ்வியல்பைத் தூண்டும். ஆதலால் நேரத்தோடு படுக்கவைப்பதும், படுக்குமுன் சலம் கழிக்கச் செய்வதும் முதற் பரிகாரம்.

நடப்பவரைத் திடீரென எழுப்பினால் உயிருக்கே ஆபத்து என்பர். அது கட்டுக்கதை. ஆனால் உலுக்கி எழுப்பினால் பிள்ளை திகைத்து அலறலாம்; பிடித்தவரைத் தள்ளவும் கூடும். தோளில் மெல்லக் கைவைத்து, “வா ராசா, படுப்போம்” என்று தாழ்ந்த குரலிற் கூறிப் பாய்க்கு அழைத்துச் செல்லுங்கள். அவ்வளவே போதும்.

உண்மையான ஆபத்து வீட்டைச் சுற்றியே இருக்கிறது. எமது வளவுகளிலுள்ள கிணறுகளை எண்ணிப் பாருங்கள். எத்தனை கிணறுகளுக்குக் கட்டு முழங்காலளவே உயர்ந்திருக்கிறது! இத்தகைய பிள்ளை உள்ள வீட்டில், கட்டை உயர்த்துவதோ, பலமான கம்பிவலை மூடி இடுவதோ நாளைக்கென்று தள்ளிவைக்கத்தக்க காரியமன்று. வாசற்கதவில் பெரியவர்களுக்கு மட்டும் எட்டும் உயரத்தில் இன்னொரு திறாங்கு பூட்டுங்கள். கதவில் ஒரு சிறு மணியும் கட்டுங்கள், தாயை அது எழுப்பிவிடும். மாடிவீடாயின் பிள்ளையைக் கீழேயே படுக்கவைத்தல் வேண்டும். கத்தி, அரிவாள், தீப்பெட்டி யாவும் பூட்டிய அலுமாரிக்குள் இருக்கட்டும். பிள்ளையை அறைக்குள் வைத்துப் பூட்டுவதும், காலிற் கயிறு கட்டுவதும் கூடவே கூடாது. தீப்பற்றினாலோ தடுக்கி விழுந்தாலோ அதுவே வினையாகும்.

எழும்பும் நேரத்தை ஒரு கொப்பியிற் குறித்து வாருங்கள். நாள்தோறும் ஒரே நேரமாயின், அதற்குக் கால் மணி அல்லது அரை மணி முன்னதாக மெல்ல எழுப்பி மீண்டும் உறங்கவிடுதல் பல பிள்ளைகளுக்குப் பயன் தந்திருக்கிறது. சில வாரங்கள் இதனைத் தொடர வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இளமைப் பருவம் முதிரும்போது இது தானே நீங்கிவிடும். காயம் நேர்ந்தாலும், குறட்டையின் நடுவே மூச்சுத் தடைப்பட்டாலும், உடல் வெட்டி இழுத்தாலும் வைத்தியரை நாடத் தயங்கற்க. வளர்ந்தோரிடம் இது புதிதாகத் தோன்றினாலும் அவ்வாறே. அவர் நித்திரை மாத்திரை உண்பவராயின் அதையும் வைத்தியரிடம் கூற வேண்டும்; சொல்பிடெம் முதலிய சில மாத்திரைகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019இல் இதன் பொருட்டே கடும் எச்சரிக்கை விடுத்தது.

பிள்ளை பாடசாலைச் சுற்றுலாவுக்குச் சென்று வெளியிடத்தில் தங்குவதாயின், ஆசிரியரைத் தனியே கண்டு விடயத்தைச் சொல்லிவையுங்கள். மற்றப் பிள்ளைகளின் காதில் விழாதவாறு சொல்லுங்கள்.