எட்டும் தூரம், எட்டாத நேரம்

வரைபடத்தில் சென்னை மீனம்பாக்கத்துக்கும் கொழும்பை அடுத்த கட்டுநாயக்காவுக்கும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டுப் பாருங்கள். சுமார் 640 கிலோமீட்டர் வரும் அந்தக் கோடு, யாழ்ப்பாண நகரத்தின் தலைக்கு மேலேயே போகிறது. ஆனால் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டியவர்கள் பல ஆண்டுகள் கொழும்பு வரை பறந்து, அங்கிருந்து பஸ்ஸிலோ வேனிலோ 350 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே திரும்பினார்கள். வானில் ஒன்றரை மணி நேரம், சாலையில் ஏழெட்டு மணி நேரம். மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நேர்த்தூரம் வெறும் 355 கிலோமீட்டர்!

இந்த வழி புதியதும் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த தளம் பலாலி. 1947 டிசம்பர் 10-ல் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே ரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறை என்று அன்று அழைக்கப்பட்ட பலாலியில் இறங்கி, சென்னை வந்த டகோட்டாதான். பிறகு உள்நாட்டுப் போர் மூண்டது. பலாலி ராணுவத் தளமானது. சுற்றியிருந்த கிராமத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். 2019 அக்டோபர் 17-ல் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது அலையன்ஸ் ஏர் விமானம் சென்னையிலிருந்து போய் இறங்கியது. சில மாதங்களிலேயே கொரோனா குறுக்கிட, 2022 டிசம்பரில்தான் சேவை மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது.

மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் என்றால் 355 கிலோமீட்டரை முக்கால் மணிக்குள் கடந்துவிட வேண்டுமே, கால அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறார்களே என்று கேட்கலாம். அட்டவணை நேரம் என்பது விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்தது முதல் மறுமுனையில் போய் நிற்கும் வரை. ஓடுபாதையில் முறைக்குக் காத்திருப்பது, மேலேறுவது, இறங்கும்போது வேகம் குறைப்பது எல்லாம் இதில் அடக்கம். குறுகிய பயணத்தில் இவையே பெரும்பங்கைத் தின்றுவிடும்.

விமானமும் சிறியது. பலாலியில் புழங்கும் ஓடுபாதை சுமார் 1,400 மீட்டர்தான். ஏர்பஸ் போன்ற ஜெட் விமானங்களுக்கு அது போதாது. எழுபது சொச்சம் பேர் அமரும் ஏடிஆர் விமானங்களே அங்கு சரிப்படும். ஓடுபாதை நீண்டால் பெரிய விமானம் வரும், இருக்கைகள் கூடும். பறக்கும் நேரத்தில் மிச்சமாவது என்னவோ சில நிமிடங்கள்தான்.

2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் பலாலிக்கு விமானம் விட்டார்கள். நேர்த்தூரம் 185 கிலோமீட்டருக்குள். திருச்சிக்காரருக்கு வான்வழியில் சென்னையைவிட யாழ்ப்பாணமே பக்கம். இங்கும் அங்கும் ஒரே கடிகார நேரம்தான்; பாஸ்போர்ட்டை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.