உலைக்குத் தப்பிய வெள்ளி

வெள்ளிப் பொருளுக்குத் திருடனைவிடப் பெரிய பகை உலைதான். 962 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உருகியபின் செய்கூலிக்கு மதிப்பில்லை, எடைக்குத்தான் விலை. அதனால் பொருள் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு ஆபத்து. '84' முத்திரை குத்திய பழைய ரஷ்யக் கரண்டிகள் (ஆயிரத்துக்கு 875 பங்கு வெள்ளி) இன்றும் ஏலங்களில் கிடைக்கின்றன. ஆளுயரப் படைப்புகளோ அரிது.

அவற்றில் தலையாயது, 1240இல் நேவா ஆற்றங்கரையில் ஸ்வீடன் படையை வென்ற அலெக்சாந்தர் நெவ்ஸ்கியின் நினைவுப் பேழை. பேரரசி எலிசபெத்தின் ஆணைப்படி சென்ட் பீட்டர்ஸ்பர்க் நாணயச்சாலையில் 1747இல் வேலை தொடங்கியது. முடியப் பல ஆண்டுகள் ஆயின. அல்தாய் பகுதியின் கொலிவன் சுரங்கங்களில் புதிதாகக் கிடைத்த வெள்ளியே மூலப்பொருள். தகடுகளைத் தனித்தனியே தட்டிப் புடைத்துப் போர்க்காட்சிகளை எழுப்பி, பிறகு ஒன்றாகப் பொருத்தினார்கள். பேழை, அதன் பின்னே பிரமிடு, ஆயுதக் குவியல்கள், விளக்குத் தண்டுகள் எல்லாம் சேர்ந்து சுமார் 90 பூட், அதாவது ஏறத்தாழ ஒன்றரை டன். பொறித்த வாசகம் கவிஞரும் அறிவியலாளருமான லொமனோசவ் எழுதியது.

1922 பிப்ரவரியில், வோல்கா பஞ்சத்தைக் காரணம் காட்டி, தேவாலயச் செல்வங்களைப் பறிமுதல் செய்ய சோவியத் அரசு ஆணையிட்டது. சென்ட் பீட்டர்ஸ்பர்க்கின் கசான் பேராலயத்தில் வெள்ளியாலான திருவுருவத் தடுப்பு ஒன்று இருந்தது. நெப்போலியன் படையினர் கொள்ளையடித்த, 1812இல் டான் கொசாக்குகள் மீட்டுத் தந்த வெள்ளியும் அதில் கலந்திருந்தது. அந்நியன் கையிலிருந்து மீண்ட வெள்ளி, சொந்த அரசின் உலையில் கரைந்தது. அந்நகரின் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி மடத்தில் இருந்த நெவ்ஸ்கியின் பேழைக்கும் அதே கதிதான் காத்திருந்தது. ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தார் மாஸ்கோவுக்கு முறையிட்டு அதை உயிரோடு வாங்கி வந்தார்கள். பக்தி காப்பாற்றாததை, 'கலைப்பொருள்' என்ற தகுதி காப்பாற்றியது.

வேறு சிலவற்றை விற்பனை பிழைக்க வைத்தது. பேரரசி இரண்டாம் காதரீன் பாரிஸில் செய்வித்துத் தன் காதலர் ஓர்லோவுக்குக் கொடுத்த பெரும் விருந்துப் பாத்திரத் தொகுதியைச் சோவியத் அரசு பகுதி பகுதியாக வெளிநாட்டுக்கு விற்றது. அதில் சில இன்று பாரிஸின் நிசிம் தெ கமோந்தோ அருங்காட்சியகத்தில் உள்ளன. விற்றது குறைதான், ஆனால் வாங்கியவர்கள் உருக்கவில்லை.

நெவ்ஸ்கியின் பேழை ஒரு நூற்றாண்டு ஹெர்மிடேஜில் இருந்தது. 2023இல் ஒப்பந்த அடிப்படையில் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி மடத்துக்குத் திரும்பியது. ஆனால் அது இன்றும் அருங்காட்சியகத் தொகுப்பைச் சேர்ந்ததே.